மாதிரி வீடு

பால் ஆலை நின்ற இடத்தில்தான்
எங்கள் விற்பனைக் கூடம்.
மழை பிடித்தால் தரையடியிலிருந்து
புளித்த பால் வாடை இன்னும் கிளம்பும்.
அதற்கென்றே வாரம் இரண்டு போத்தல்
செராய்ப் புல் தைலம் வாங்கித் தருகிறது கம்பெனி.

முதல் கட்டத்துக்கு ஹெவியா என்று பெயர்.
ரப்பர் மரத்துக்கு லத்தீனில் அப்படியாம்.
விலை
நான்கு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம் வெள்ளி.
ஐந்து லட்சம் என்று நான் சொல்லக் கூடாது.
அந்த இரண்டாயிரத்தில்தான் ஜனம் மூச்சு விடுகிறது
என்பார் மேலாளர் லியோங்.

நான் இருப்பது சாலைக்கு எதிரே,
தோட்டத்தை விற்றபோது லயத்துக்குப் பதிலாய்
எழுப்பிக் கொடுத்த அடுக்குமாடி.
ஐந்தாம் மாடி. மின்தூக்கி கிடையாது.
தண்ணீர் இரவு பதினொன்றுக்கு மேல்தான் ஏறும்,
அதுவும் நின்று நின்று.
போன மாதம் நாகரத்தினத்தை
நாற்காலியில் கட்டி இறக்கினோம்.
ஒவ்வொரு திருப்பத்திலும்
'பார்த்து, பார்த்து' என்றார்கள்
இறந்தவரிடம்.

ஞாயிறு காலை
ஜெகதீஸ்வரனும் தமயந்தியும் வந்தார்கள்.
பசியாறிட்டுத்தான் வந்தோம் என்றார்
நான் கேட்பதற்கு முன்பே.
அவர் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை,
முடித்த கையோடு வந்திருந்தார்.
சட்டை மடிப்பில் வெள்ளைப் பொடி.
தமயந்தியின் கோப்பில்
சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு,
மோட்டார் கடன் அடைந்த கடிதம்.
அந்தக் கடிதத்தைத்தான் முதலில் நீட்டினார்,
பிள்ளையின் மதிப்பெண் அட்டையைப் போல.

இருவரும் சேர்ந்து நாலாயிரத்து முந்நூறு,
ஓவர்டைம் இருந்தால்.
அவருக்கு வயது நாற்பத்திரண்டு,
வங்கி அவரை எழுபது வரைதான் நம்பும்.
மாதம் இரண்டாயிரத்து இருநூறு
இருபத்தெட்டு வருடத்துக்கு.
கிடைக்காது.
கிடைக்காது என்பதைச் சொல்வது
வங்கியின் வேலை,
என் வேலை குழாயைத் திறந்து காட்டுவது.

தமயந்தி குழாயைப் பார்க்கவில்லை.
'துணி எங்க காயப்போடுறது?'
என் கையேட்டில் அதற்குப் பதில் இல்லை.
சன்னலைச் சாணால் அளந்தார்,
சுவரை அளந்தார்,
உதடு அசையக் கூட்டிப் பார்த்தார்.
'எங்க கட்டில் இதுக்குள்ள நிக்காதே.'

நிற்காது.
இங்கே கிடக்கும் கட்டில் ஐந்தடி.
அறை பெரிதாய்த் தெரியத்
தச்சரிடம் சொல்லிச் செய்தது.
அலமாரியும் ஆழமில்லை,
சட்டையின் தோள் கதவில் இடிக்கும்.
அறைகளுக்குக் கதவே போடவில்லை,
போட்டால் இடம் தின்னும்.
இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை.

திரும்பினால் ஜெகதீஸ்வரனைக் காணோம்.

பெரிய படுக்கையறையில்,
விலைச்சீட்டு தொங்கும் தலையணையில் முகம் புதைத்து,
கணுக்கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே,
குறட்டை.
வலது காலுறையில் ஓர் ஓட்டை,
அதில் கட்டைவிரல்.

அவர் பதறி எழுப்பப் போனார். நான் கையைப் பிடித்தேன்.
'பகல்ல தூங்கினதே இல்லைங்க' என்றார் மெல்ல,
'மேல் வீட்ல சின்னப் பிள்ளைங்க,
கீழ பூரா லாரி.'
நான் திரையை இழுத்துவிட்டேன்.
குளிர்சாதனத்தை இருபத்தைந்துக்கு ஏற்றினேன்.

வெளியே பிளாஸ்டிக் புல்லில் உட்கார்ந்தோம்.
பையிலிருந்து பீசாங் கோரேங் எடுத்தார்.
எண்ணெய் விரல் பட்டு
கடிதத்தில் ஒரு வட்டம்
கண்ணாடி மாதிரி ஆனது.
அதன் வழியே புல் தெரிந்தது.

லியோங் கேட்டிருந்தார்: ஆள் வந்ததா?
வந்திருக்கிறார்கள் என்று தட்டினேன்,
படுக்கையறை ரொம்பப் பிடித்திருக்கிறது.

அடுத்த குடும்பம் பதினொன்றரைக்கு.
இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.